கடலாடிப் பெண் திரும்பிய விதம்

சினிமாக் கொட்டகையில் படம் தொடங்குவதற்கு முன் சோப்புக்கட்டி ஒன்று கைகால் முளைத்து ஆடிக்கொண்டு வரும். அந்த ஆட்டத்துக்குப் பொறுப்பானவர்களில் என் மாமாவும் ஒருவர். அம்மாவின் தம்பியான அவர், மதராஸில் பொம்மைப் படம் எடுக்கும் கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தார். சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷமே ஆகியிருந்த இராமநாதபுரத்தில் யாரும் இதை ஓர் உத்தியோகமாக மதிக்கவில்லை. பெண் வீட்டார் வேலையைப் பற்றிக் கேட்டால், நான் அய்யா என்று கூப்பிடும் என் அப்பா, "மதராஸ்ல இருக்காரு" என்று ஊரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்.

மாமா லீவில் வந்தால் எனக்கு வேலை வந்துவிடும். முதலில் குதிக்கச் சொல்வார்.

"குதிக்கிறதுக்கு முந்தி என்ன புள்ள செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல மாமா."

"முட்டிய மடக்கிக் குனிஞ்சேல்ல. மேல போகணும்னா மொதல்ல கீழ போகணும்."

பிறகு வெறுங்குடத்தையும் நிறைகுடத்தையும் மாற்றி மாற்றித் தூக்கச் சொல்வார். நிறைகுடம் இடுப்பில் ஏறினால் மறுகை தானாக விலகிப் போகிறது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் சின்னச் சின்னத் தாள்களில் வரைந்து, கட்டாகக் கட்டி, கட்டைவிரலால் விர்ரென்று விடுவார். தாளுக்குள் இன்னொரு நான் குடம் தூக்குவேன். பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் மனுஷர் எதைத் தேடுகிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கியதில்லை.

ஒரு லீவில் அவருக்குக் கடலாடியில் பெண் பார்க்கப் போனோம். பெண் தாம்பாளத்தில் காப்பி கொண்டுவந்தாள், வைத்தாள், கும்பிட்டாள், உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் மாமா வழியெல்லாம் கருவேல மரங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். கருவேல மரத்தைப் பார்த்துச் சிரித்த ஆளை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. "தம்பி, பிடிச்சிருக்கா?" என்று அம்மா கேட்டாள். "ரொம்பப் பிடிச்சிருக்குக்கா" என்றார். வெள்ளிக்கிழமை வெற்றிலைபாக்கு மாற்றிக்கொள்வதென்று பேச்சாயிற்று.

மறுநாளே அவளை வரைய உட்கார்ந்தார். அவள் நடந்து வந்தது படத்தில் வந்துவிட்டது, தாம்பாளத்தை வைத்ததும் வந்துவிட்டது. திரும்பிப் போகும் இடத்தில் மாட்டிக்கொண்டார். கிழித்துக் கிழித்துப் போட்டார். கடைசியில் என் கையில் தாம்பாளத்தைக் கொடுத்து, வந்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நானும் அப்படியே செய்தேன்.

"நீ போறப்ப மொதல்ல கண்ணு வாசலுக்குப் போகுது, பெறகு தல, பெறகுதான் ஒடம்பு. எல்லாரும் அப்பிடித்தான். அவ அப்பிடிப் போகல புள்ள. ஒடம்பு போயிருச்சு, தல மட்டும் சன்னல் பக்கமே நின்னுச்சு."

அதே மாதிரி நடக்கச் சொன்னார். எனக்குக் கழுத்து வலித்தது.

"இப்பிடி எப்பவாச்சும் போயிருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். "திருவிழாவுல வளையக்கடைய விட்டு அம்மா என்னைய இழுத்துட்டுப் போச்சுல்ல, அப்ப இப்பிடித்தான் போனேன்."

மாமா பென்சிலைக் கீழே வைத்தார். "சன்னலுக்கு வெளிய யாரு நின்னா, பாத்தியா?" என்றார்.

"அந்த அக்காவோட அத்தமகன். ஒண்ணுமில்லாத வீடாம், இவுக மாட்டுக்கெல்லாம் அவருதான் தண்ணி காட்டுறாராம். எனக்கு எளநி வெட்டிக் குடுத்தாரு."

பிறகு ஒரே மூச்சில் வரைந்து முடித்தார். விட்டுப் பார்த்தால் அச்சு அசலாக அந்த அக்காவேதான். மாமா அதைத் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அம்மாவிடம் போய், "இது சரிப்பட்டு வரலக்கா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் நன்றாகத்தானே வந்திருந்தது? அம்மா வேறு, "நேத்துப் பிடிச்சிருக்குன்னு சொன்ன வாயா இது?" என்று அழுதாள். மதராஸில் எவளோ இருக்கிறாள் என்றார் அய்யா. நான் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "மாமாவுக்குப் படம் சரியா வரலயாம், அதான் பொண்ணு வேண்டாம்னுட்டாரு" என்று விளக்கம் சொன்னேன். மாமா யார் தடுத்தும் கேட்காமல் தனியாகக் கடலாடிக்குப் போய்ப் பெண்ணின் அப்பாவோடு பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிடவுமில்லை.

தை மாதம் அந்த அக்காவுக்கும் அத்தைமகனுக்கும் உத்தரகோசமங்கைக் கோயிலில் கல்யாணம். என்ன முகத்தோடு போவது என்று அம்மா முறுக்கிக்கொண்டாள். மாமா மதராஸிலிருந்து வந்து எங்களை வண்டி பூட்டிக் கூட்டிக்கொண்டு போனார். பிரகாரத்தில் மாப்பிள்ளையின் பின்னால் அவள் திரும்பிப் போனபோது என் காதருகே குனிந்து, "இப்பப் பாரு புள்ள, மொதல்ல கண்ணு, பெறகு தல, பெறகு ஒடம்பு" என்றார். உண்மைதான், எல்லோரையும் போலத்தான் போனாள். கோளாறு தீர்ந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே மாமாவை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. திரும்பி வரும் வண்டியில் கேட்டேவிட்டேன்.

"அதான் இப்பச் சரியா வந்துருச்சுல்ல மாமா, நீங்களே கட்டியிருக்கலாமே?"

அய்யா மாட்டை அதட்டுவதை நிறுத்திவிட்டார். மாமா வெளியே கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் தொடையைக் கிள்ளக் கையை ஓங்கியவள், அதே கையைக் கொண்டுபோய் மாமாவின் முதுகில் வைத்தாள். என்னை ஏன் கிள்ளவில்லை என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.