யோசேப்பு கோத்திரத்தின் தண்ணீர்

என் கை சும்மா இருந்திருந்தால் அன்று இருபத்தைந்து பேர் தாகத்தில் தவித்திருக்க மாட்டோம். இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அன்று ஒத்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்கள் அவை. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நடந்த கதையை ஞாயிறு பாடசாலையில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் வனாந்தரத்துக்கு எங்கே போவது? மணற்காட்டு மணல்மேடுகளை விட்டால் வேறு கதியில்லை. சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் அங்கே போவதென்று எங்கள் சபையின் வாலிபர் சங்கம் முடிவுசெய்தது.

பெண்பிள்ளைகளும் போகலாமா என்பதில்தான் சபைக் குழுவில் இழுபறி. பள்ளிக்கூடம், ரியூசன், கோயில் தவிர எங்களுக்கு வேறு பயணமே கிடையாது. செயலாளர் ஐயா, தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், எழும்பி நின்றார். "உந்த வெயிலுக்கை பெட்டையள் தாங்காதுகள். ஒண்டு மயங்கி விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

பின்வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நான் சொல்லுறன் ஐயா" என்றேன்.

"அப்ப சரி. உங்களாலை ஒரு பிழை நடந்தாலும், பிறகு பெட்டையளுக்குப் பயணம் எண்ட கதையே இல்லை."

காவலுக்குத் தானும் வருவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பட்டியல்களை எழுதி மண்டபக் கதவில் ஒட்டினார். முதலாவதில் நாங்கள் இருபத்துநான்கு பேரும் கோத்திரத்துக்கு இரண்டு பேராகப் பன்னிரண்டு கோத்திரங்கள். இரண்டாவதில் எந்தக் கோத்திரம் எதைச் சுமப்பது என்ற விபரம். பிட்டும் சம்பலும் யூதா, பாட்டுப் புத்தகங்கள் லேவி, தண்ணீர் யோசேப்பு.

முதல் பட்டியலைப் பார்த்ததும் என் கை அரித்தது. வனாந்தரத்தில் யோசேப்பு என்று ஒரு கோத்திரத்தை எண்ணியதில்லை. அவருடைய இரண்டு மகன்களின் பெயரில் எப்பிராயீம், மனாசே என்று இரண்டாக எண்ணினார்கள். லேவியை அந்தக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. பேனையை எடுத்து யோசேப்பையும் லேவியையும் வெட்டிவிட்டு மற்ற இரண்டையும் எழுதினேன். பெரிய பண்டிதர் என்ற நினைப்பில் இரண்டாவது பட்டியலை நான் திரும்பியும் பார்க்கவில்லை.

விடிய முன்னரே கிளம்பினோம். நெல்லியடியில் தேத்தண்ணி குடித்ததால் வழியில் ஒருவரும் தண்ணீரைத் தேடவில்லை. மணற்காட்டில் சைக்கிள்களைச் சவுக்கு மரங்களில் சாத்திவிட்டு, கால் புதையப் புதைய மேடுகளில் ஏறி இறங்கினோம். பாட்டுப் புத்தகம் வரவில்லை என்பது பாடத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. பாட்டுகள் மனப்பாடமாக இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. வெயில் ஏறியபின் பிட்டைப் பிரித்தோம். சம்பலில் உப்பும் உறைப்பும் தாராளம்.

"தண்ணியை எடுங்கோ" என்றார் ஐயா. ஒருவரும் அசையவில்லை. "யோசேப்பு ஆர்?"

"யோசேப்பு எண்டு ஒருத்தரும் இல்லை ஐயா. நாங்கள் மனாசே" என்றான் ஒருவன்.

யோசேப்பை வெட்டியது நான்தான். நிரப்பி மூடி வைத்த மூன்று தண்ணீர்க் கான்களும் சண்டிலிப்பாயில் மண்டப வாசலில் நின்றுகொண்டிருக்கும். எங்கள் பதினொரு பெண்களின் பயணமும் இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் மயங்கி விழுந்தது பெண்கள் அல்ல. ஐயாதான் முகம் வெளிறிச் சவுக்கு நிழலில் சரிந்தார். பொடியன்கள் யாருடைய பிழை என்று வாதாடிக்கொண்டிருக்க, நானும் இன்னொருத்தியும் தூரத்தில் தெரிந்த குடிசைகளுக்கு ஓடினோம். அங்கே ஒரு பெண் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"தண்ணிக்கோ உவ்வளவு தூரம் ஓடி வந்தனீங்கள்? நீங்கள் இருந்த இடத்திலையே கிடக்கு."

தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்து, இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் குந்தியிருந்து தோண்டினார். கல்லை உடைத்துக் கிணறு வெட்டும் ஊர்க்காரி நான், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது, பிறகு கசிந்தது. முதல் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டு, தெளியும்வரை எங்களை மறித்து வைத்தார். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, தண்ணீர் இளநீர் மாதிரி இனித்தது. முதல் சிரட்டையை ஐயாவின் வாயில் வைத்தேன். மற்றப் பெண்கள் கையாலேயே ஆளுக்கொரு குழி தோண்டினார்கள். பின்னேரம் எல்லோரும் தெம்பாகவே வீடு திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு குழு கூடியது. "பட்டியலிலை நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன்" என்று ஐயா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். மற்றப் பத்துப் பெண்களும் அன்று அப்படித்தான் என்னைக் கண்ணால் கெஞ்சினார்கள். ஆனால் அந்த மனிதர் செய்யாத பிழையைச் சுமந்துகொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"வெட்டினது நான் ஐயா" என்றேன். கதவிலிருந்து கழற்றி வந்த பட்டியலை நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் அதை வரிவரியாகப் படித்தார். "நீர் திருத்தினது சரி பிள்ளை. மற்றதையும் திருத்தியிருக்கவேணும்" என்றார். பிறகு குழுவைப் பார்த்து, "பெட்டையள் தாங்காதுகள் எண்டு சொன்னது நான். விழுந்ததும் நான்" என்றார்.

ஆவணி விடுமுறைப் பயணத்துக்குப் புதுப் பட்டியல் கதவில் ஏறியது. தண்ணீருக்கு நேரே கோத்திரம் எதுவும் இல்லை. 'செயலாளர்' என்று அவரே எழுதியிருந்தார். கீழே பெயர் கொடுத்த பெண்கள் பத்தொன்பது பேர்.