அண்ணனின் இறக்கையில் ஒரு விரிசல்

விமான ஓட்டிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘சிவப்புச்சீட்டு’. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், நேரில் ‘மேடம்’தான். ஆனால் அவளுடைய பழைய ஸ்கூட்டர் ஓடுதளத்து வாசலில் திரும்பும்போதே கொட்டகைக்குள் யாராவது ஒருவன், “டேய், சிவப்புச்சீட்டு வருதுடா, எண்ணெயைத் துடை” என்று குரல் கொடுப்பது அவள் காதிலும் விழத்தான் செய்யும். சிறு விமானங்களைச் சோதித்துப் பறக்கலாமா கூடாதா என்று சொல்வது அவள் உத்தியோகம். கூடாது என்றால் விமானத்தின் மூக்கிலிருக்கும் விசிறியில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவாள். அவள் கட்டியதை அவளேதான் அவிழ்க்க வேண்டும். அதுவரை அந்த விமானம் நகராது.

அவளுடைய அண்ணன் வயல்களுக்கு மருந்தடிக்கும் விமானம் வைத்திருந்தான். பயிரின் தலையைத் தொட்டுவிடுவதுபோல் தாழ்வாகப் பறந்து, வயல் முடிகிற இடத்தில் சட்டென்று மேலே இழுத்து, ஒருக்களித்துத் திரும்பி, மறுபடி இறங்க வேண்டும். காலையிலிருந்து அதுதான் வேலை. அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தது அவன்தான். முதன்முதலில் அவளை மேலே கூட்டிக்கொண்டு போனதும் அவன்தான். முதல் திருப்பத்திலேயே அவன் சட்டை நனைய வாந்தி எடுத்தாள். “உனக்குத் தரைதான் லாயக்கு” என்று சிரித்தான். அவளும் தரையையே பிழைப்பாக்கிக்கொண்டாள்.

அந்த வருஷம் எங்கோ ஒரு நாட்டில், அண்ணன் வைத்திருந்த அதே ரக விமானம் ஒன்றின் இடது இறக்கை வானத்திலேயே கழன்று போனது. உள்ளே இருந்த இருவரும் பிழைக்கவில்லை. வீட்டுக் கூரையைத் தாங்குகிற உத்தரம் மாதிரி, இறக்கைக்குள்ளும் நீளவாக்கில் ஓர் உத்தரம் உண்டு. ‘ஸ்பார்’ என்பார்கள். அது உடம்போடு சேரும் இடத்தில், போல்ட் போகும் துளையில், கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று பிறந்து வளர்ந்திருக்கிறது. அதனால் அந்த ரக விமானங்கள் அனைத்தும் இறக்கையைத் திறந்து சோதித்த பிறகே பறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அண்ணன் விமானத்துக்கு வேறு ஆளை அனுப்பும்படி அவள் மேலிடத்தில் கேட்டுப் பார்த்தாள். அப்படிப்பட்ட விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கையாளத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான் என்றார்கள். அண்ணனுக்கு அதில் சந்தோஷம்.

“எவனோ வந்து நோண்டுறதுக்கு நீயே பாரும்மா. என் விமானத்தையும் உனக்குத் தெரியும், என்னையும் உனக்குத் தெரியும்” என்றான்.

தங்கையின் கை கொஞ்சம் இளகும் என்று அவன் எதிர்பார்த்தான். அது அவளுக்குப் புரிந்தது.

பட்டறைக்காரர் இறக்கைக்கு முட்டுக் கொடுத்து போல்ட்டுகளைக் கழற்றி வைத்திருந்தார். கருவியின் பேனா போன்ற முனையைத் துளைக்குள் விட்டு மெல்லச் சுழற்ற வேண்டும். உலோகம் முழுதாக இருந்தால் திரையில் கோடு படுத்துக் கிடக்கும். விரிசல் இருந்தால் எழுந்து நிற்கும். வலது இறக்கை முழுக்கக் கோடு படுத்தே கிடந்தது. அண்ணன் ஓரமாக ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, பட்டறைக்காரரிடம் ஏதோ கதையளந்துகொண்டிருந்தான். இடது இறக்கையின் கீழ்த்துளையில் அவள் கை நின்றது.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“கோடு எழும்புதுண்ணா.”

“கருவி மக்கர் பண்ணும். வேற துளையில வச்சுப் பாரு.”

வேறு துளையில் வைத்தாள். படுத்தது. பழைய துளைக்கு வந்தாள். எழுந்தது. துளையைத் துடைத்துவிட்டு, முனையை மாற்றிவிட்டு, மறுபடி மறுபடி பார்த்தாள். ஒரே இடத்தில், ஒரே மாதிரி எழுந்தது.

அண்ணன் டார்ச்சை வாங்கித் துளைக்குள் அடித்து, பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தான். “எங்க இருக்கு? கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு.”

“கண்ணுக்குத் தெரியாதுண்ணா. அதுக்குத்தானே இது.”

“கண்ணுக்குத் தெரியாததுன்னு நான் நம்புறது ஒண்ணே ஒண்ணுதான். அது சாமி. இப்ப நீ ரெண்டாவதா ஒண்ணக் காட்டுற.”

பட்டறைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

“இந்தப் பருவம் மட்டும் விட்டுடும்மா” என்றான் அண்ணன், குரலைத் தாழ்த்தி. “மெதுவா ஓட்டுறேன். திருப்பத்துல இழுக்க மாட்டேன்.”

“மருந்தடிக்கிறப்ப திருப்பத்துல இழுக்காம எப்படி ஓட்டுவ? மரத்துல போய் முட்டவா?”

அவள் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தாள். விசிறியில் வைத்துக் கம்பியை முறுக்கினாள். அந்த நேரம் பார்த்து அண்ணி மூன்று பேருக்குமாகச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். விசிறியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். டிபன் கேரியரை வாளிமேல் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

பழுது பார்க்க முடியாத பழுது இல்லை அது. உத்தரத்தின் கீழ்த்துண்டை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத்துண்டு பொருத்தினால் போதும். ஆனால் அந்தத் துண்டைச் செய்கிற பட்டறை உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அந்த ரக விமானம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அதன் வாசலில் போய் நின்றார்கள். எப்போது கேட்டாலும் ‘வரிசையில் இருக்கிறது’ என்று பதில் வந்தது. பருவம் தொடங்கியது. அண்ணன் தினமும் காலையில் கொட்டகைக்குப் போவான். விமானத்தைத் துடைப்பான், சக்கரத்துக்குக் காற்றடிப்பான், பிறகு அதன் நிழலில் உட்கார்ந்து மற்றவர்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். தங்கை வந்தால் வழக்கம்போலப் பேசுவான். சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பருவத்தின் நடுவில், நிறைய வயல்கள் வைத்திருந்த ஒரு தோட்டக்காரர் அவனைக் கூப்பிட்டார். அவரிடம் வேறு ரகத்தில், இன்னும் பழைய விமானம் ஒன்று இருந்தது. அந்த உத்தரவு அதற்குப் பொருந்தாது. ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டார்.

“நீயே வந்து ஒரு தடவை பாரு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது” என்று அண்ணன் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனான். அது அவள் கடமையில் சேராது. ஆனாலும் ஒரு விடுமுறை நாள் முழுக்க அதன் அடியில் படுத்துக் கிடந்தாள். இறக்கை, வால், இயந்திரம், கம்பிகள் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கிழவி மாதிரி இருந்தாலும் எலும்பு நன்றாக இருந்தது.

“ஓட்டலாம்ணா” என்றாள். அவன் அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் முழுதாகச் சிரித்தான்.

அவன் வழக்கமாக மருந்தடிக்கும் வயல்களில் ஒவ்வொரு மரமும் கம்பமும் அவனுக்கு மனப்பாடம். தோட்டக்காரரின் வயல்கள் புதிது. ஒரு காலை, ஒரு வயலின் ஓரத்தில் புதிதாக இழுத்திருந்த மின்கம்பி, எதிர்வெயிலில் அவன் கண்ணில் படவில்லை. சக்கரம் மாட்டியது. விமானம் தலைகீழாக வாய்க்கால் கரையில் விழுந்தது. விமானத்தில் ஒரு குறையும் இல்லை என்று விசாரிக்க வந்தவர்கள் பிறகு சொன்னார்கள். இறக்கை இரண்டும் உடம்பை விட்டுப் பிரியாமல் அப்படியே இருந்தன.

அவன் பிழைத்தான். முதுகெலும்பு மட்டும் பிழைக்கவில்லை. மார்புக்குக் கீழே எதுவும் அவனுடையதாக இல்லை.

மருத்துவமனை நடையில், பிளாஸ்டிக் நாற்காலிகளின் வரிசையில், அண்ணியும் அவளும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கை காபி வாங்கிவந்து நீட்டியபோதுதான் அண்ணி வாயைத் திறந்தாள்.

“நீ தப்பு பண்ணேன்னு நான் சொல்லல. யாரு சொன்னாலும் சண்டைக்குப் போவேன். ஆனா உன் மூஞ்சியப் பாத்தா அந்தச் சிவப்பு அட்டைதான் தெரியுது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு.”

காபி இரண்டு பேர் கையிலும் ஆறிப்போனது.

வீட்டின் முன்னறையில் சாய்வுக்கட்டில் போட்டார்கள். ஜன்னலைப் பார்த்துப் படுத்தால் வானம் தெரிகிறது என்று சொல்லி, அவனே கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னான். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அண்ணி கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே உருளும்.

புதுத்துண்டு வந்தது, எல்லாம் முடிந்த பிறகு. அண்ணி விமானத்தை விற்றுவிடுவதென்று தீர்மானித்தாள். வாங்குகிறவர் பழுது பார்த்துக் கொடுக்கச் சொன்னார். பட்டறைக்காரர் பழைய துண்டை வெட்டி எடுத்தார். அதை உடைத்துப் பார்க்க ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் உத்தரவில் இருந்தது. உடைக்கும்போது அவளும் கூட நின்றாள். இரண்டாகப் பிளந்த உலோகத்தின் முகத்தில், ஓரத்தில் மட்டும் புது வெள்ளி மின்னியது. மீதியெல்லாம் மங்கிக் கறுத்திருந்தது. கறுத்த அவ்வளவும் விரிசல். பாதிக்கு மேல் தின்றுவிட்டிருந்தது.

அங்கிருந்து வெளியே வந்தபோது, அவளே வெட்கப்படும்படி, அவளுக்கு மூச்சு லேசானது. இதை அண்ணனிடம் சொல்லலாம். தான் செய்தது சரி என்று அவன் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

அவள் சொல்லி முடித்ததும் அவன் சுவரைப் பார்த்தபடியே கேட்டான். “இன்னும் எத்தனை திருப்பம் தாங்கியிருக்கும்?”

“சொல்ல முடியாதுண்ணா. நாலு தாங்கலாம். நானூறும் தாங்கலாம்.”

“அப்ப அந்தப் பருவம் ஓடி முடிஞ்சிருக்கலாம்.”

“முடியாமலும் போயிருக்கலாம்.”

“முடியாமப் போயிருந்தா, மேலேருந்து விழுந்திருப்பேன். ஒரேயடியாப் போயிருக்கும். இல்ல?”

கோபமாகச் சொல்லவில்லை. கிண்டலும் இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டான். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அண்ணி கதவோரம் வந்து நின்று, “போதும். அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரம்” என்றாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவனைத் திருப்பினார்கள். அவன் பெரிய ஆள். இப்போது கனமே இல்லை.

விமானம் தயாரானதும் புதுத் துளைகளைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தான். கோடு படுத்துக் கிடந்தது. அட்டையை அவிழ்த்தாள். வாங்கியவர் அன்றே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இந்தச் சோதனை வேலையிலிருந்து தன்னை மாற்றச் சொல்லி அதிகாரியிடம் கேட்டாள். “மாத்திடலாம், உங்க இடத்துல யாரைப் போடறது?” என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மழை முடிந்த சமயம் அண்ணனுக்குப் படுக்கைப் புண்ணிலிருந்து காய்ச்சல் கண்டது. மருந்து கேட்கவில்லை. கடைசி நாட்களில் அவன் யாரையும் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. தங்கையை ஒரு முறை ‘நர்ஸ்’ என்று கூப்பிட்டான். உடலை எடுத்த பிறகு அண்ணி தன் தம்பி வீட்டோடு போய்விட்டாள். போகும்போது, “போன் பண்ணாத, நானே பண்றேன்” என்றாள். இதுவரை பண்ணவில்லை.

சாவு வீட்டுக்கு விமான ஓட்டிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஓரமாக நின்ற அவளிடம், இன்னொரு மருந்தடிப்பவர் தயங்கித் தயங்கி வந்தார். அதே ரக விமானம் அவரிடமும் ஒன்று உண்டு. சோதனைக்குப் பயந்து அதைக் கொட்டகையிலேயே நிறுத்தி வைத்து, தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர்.

“மேடம், இந்த நேரத்துல கேக்கக் கூடாது. என்னோடதையும் ஒரு தடவை வந்து பாத்துடுங்க.”

அடுத்த வாரம் போனாள். அவர் பக்கத்தில் கைகட்டி நின்றார். இடது இறக்கையில் கீழ்த்துளைக்கு வந்தபோது கோடு எழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். எழுந்தது. அவர் வாதாடவில்லை, கருவியைக் குறை சொல்லவில்லை, டார்ச்சும் கேட்கவில்லை. அவள் அட்டையைக் கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொட்டகைத் தரையில் அப்படியே உட்கார்ந்தார்.

“இப்ப நான் என்ன பண்றது மேடம்?”

அவள் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அவரருகே தரையிலேயே உட்கார்ந்தாள். வெளியே ஒரு விமானம் ஏறிப் போகிற சத்தம் கேட்டது. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.