லொறியில் ஏறும்வரை

திருகோணமலை உள்துறைமுக வீதியில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். நரைத்த தலை, முழங்கையில் நீண்ட பழைய தழும்பு.

பந்தயத் திடலுக்கென்றே மிகச் சிலவே செய்து விற்கப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை, கொழும்பு இளைஞர் ஒருவர் லொறியிலிருந்து இறக்கி ஓட்டத் தயாரானார். எல்லோரும் படம் எடுத்தார்கள், பொலிஸ்காரரும்தான்.

அந்தப் பெண் தன் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினார். காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் அந்த மோட்டார் சைக்கிளின் முன்சக்கர ரயரைத் தொட்டார்.

"தம்பி, இந்த ரயர் சூடேறினால்தான் ரோட்டைப் பிடிக்கும். காபன் பிரேக்கும் அப்பிடித்தான். இப்ப பள்ளிக்கூடம் விடும். பிள்ளையள் குறுக்க வந்தால் உங்களால நிப்பாட்ட ஏலாது."

"இதின்ர விலை தெரியுமே, அக்கா?"

"ஓம், தெரியும். ஹோர்ன் எங்க? பின்னால பாக்கிற கண்ணாடி எங்க? செய்தவன் இதை ரோட்டுக்கெண்டு செய்யேல்லை."

பொலிஸ்காரர் விலகச் சொன்னது இளைஞரை அல்ல, அந்தப் பெண்ணைத்தான்.

"லொறியில ஏத்தட்டும், விலகுறன்," என்றார் அவர் கோபமாக.

பள்ளிக்கூடம் விட்டது. வீதி நிறையப் பிள்ளைகள் வந்ததும் இளைஞர் வண்டியை உருட்டிப்போய் லொறியில் ஏற்றினார். அவர் அதை வாரால் கட்டிய விதம் அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. தானே ஏறி, கீறல் விழாதபடி தன் கைலேஞ்சித் துணியை வாருக்கு அடியில் மடித்துவைத்து இறுக்கினார்.

அவர் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. கைகளுக்கு மட்டும் அத்தனை பொறுமை எங்கிருந்து வந்ததென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.