லேமினேட் செய்த டிகிரி

கத்தாரில் வேலை உறுதியாகிவிட்டது. விசாவுக்கு டிகிரி சான்றிதழின் பின்பக்கம் அரசு முத்திரை வேண்டும். இன்று தென்காசி ஏஜென்ட் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புரட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக் மேல எப்படி தம்பி சீல் அடிக்க? டூப்ளிகேட் வாங்கிட்டு வாங்க."

அது வருவதற்குள் அந்த வேலைக்கு வேறொருவன் போய்விடுவான்.

லேமினேட் செய்தது அப்பா. எல்லாச் சான்றிதழையும். மேலகரம் வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"குத்தாலச் சாரல்ல பூஞ்சை பிடிச்சிரும்னுதாம்லே போட்டேன். நல்ல கனமான ஷீட்டு" என்றார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை.

பிரித்தெடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஹேர் டிரையர் மட்டும் வேண்டாம். அதைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் சோதித்துவிட்டேன். எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. இப்போதைக்கு நான் ஒன்பதாம் வகுப்பு பாஸ்.