மாட்டுக் கொட்டகையில் நின்ற பந்தயக் கார்

அப்பா இருந்தார். சித்தப்பா இருந்தார். அம்மா இருந்தாள், இடுப்பில் தம்பி. மாடு விற்கிற நானா இருந்தார்; தமிழ் முஸ்லிம் வியாபாரிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய ஆள் ஒருவன் வாளியோடு நின்றான். புதிதாகக் கன்று போட்ட பசு ஒன்று நின்றது. நானும் இருந்தேன். எனக்கு ஏழு வயது இருக்கும். எங்கள் வீட்டில் வயதை யாரும் குறித்து வைக்கவில்லை.

இடம், ஜொகூரில் தெப்ரா என்ற ஊரில் நானாவின் மாட்டுக் கொட்டகை. ஆனால் அன்று நாங்கள் மாடு வாங்கப் போகவில்லை. கார் வாங்கப் போயிருந்தோம்.

ரப்பர் விலை விழுந்திருந்த காலம். தோட்டங்களில் ஆளைக் குறைத்தார்கள். ஆளைக் குறைத்த துரையையும் பிறகு குறைத்தார்கள். சித்தப்பா அந்தத் துரைக்கு டிரைவராக இருந்தவர். துரை சீமைக்குக் கப்பல் ஏறியபோது சாமான்களை எல்லாம் நானா மொத்தமாக எடுத்துக்கொண்டார். கட்டில், நிலைக்கண்ணாடி, வாத்துகள், இரண்டு கார்.

ஒன்று பெரிய கறுப்புக் கார். துரைசானி அதில்தான் கடைக்குப் போய்வருவாள். அது வெளியே மரத்தடியில் நின்றது. இன்னொன்று துரை தானே ஓட்டிய பந்தயக் கார். சிவப்பு நிறம். இரண்டு பேர்தான் உட்காரலாம். பின்பக்கம் படகு மாதிரி கூராக இருக்கும். அது உள்ளே மாடுகளோடு நின்றது. நானாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. விலை உள்ள பொருளை மழையில் விடக்கூடாது என்று மட்டும் தெரியும்.

சித்தப்பா அந்தச் சிவப்புக் காரைத் தினம் துடைத்தவர். ஓட்டக் கிடைத்தது குறைவு. துரை கிளப்பில் அதிகம் குடித்துவிட்டால்தான் ஓட்டிவர அவர் கைக்கு வரும். துரை நன்றாகக் குடிக்கவேண்டும் என்று சித்தப்பா மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார் என்று அம்மா சொல்வாள்.

சிங்கப்பூரில் ஒரு பட்டறைக்காரர், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு வேகமான கார்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காரோடு வந்தால் பட்டறையில் பங்கு தருகிறேன் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். வேறு கார் அவருக்கு வேண்டாம். சித்தப்பா கையில் இருநூற்றைம்பது வெள்ளி இருந்தது. கார் கிடைத்தால் அந்த வாரமே பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போய்விடுவதாக இருந்தார்.

அப்பாவுக்கு மாட்டு வண்டி ஓட்டம். அவர் சொன்னது வேறு. கறுப்புக் காரை வாங்கு, தெப்ராவுக்கும் ஜொகூர் பாருவுக்கும் ஆள் ஏற்று, வீட்டிலேயே இரு. இதை அவர் பலமுறை சொல்லவில்லை. ஒருமுறை சொன்னார்.

கொட்டகைக்குள் போனதும் எனக்குச் சிரிப்பு வந்தது. காரின் முன் கம்பியில் கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள். இருக்கையில் கோழி அடை காத்தது. மேலே மடக்கும் துணிக்கூரை பாதிதான் இருந்தது.

"மீதி எங்கே நானா?" என்றார் சித்தப்பா.

"ஆடு தின்னுருச்சுப்பா. சீமைத் துணில்ல. ருசி கண்டுகிச்சு."

அப்பா காரைச் சுற்றி வந்தார். மாடு பார்க்கிற மாதிரியேதான் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பார்வை அது ஒன்றுதான். முன்னால் நின்று முகத்தைப் பார்த்தார். விலாவில் தட்டிக் காதை வைத்தார். குனிந்து நாலு காலும் சமமாக நிற்கிறதா என்று பார்த்தார். ஒரு சக்கரம் வழவழவென்று தேய்ந்து, கிழிந்த இடத்தில் தோல் வைத்துத் தைத்திருந்தது. அப்பா அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு, "நடத்திக் காட்டுங்க" என்றார்.

"நடத்துறதா? அது குதிரைய்யா!" என்றார் நானா.

கோழியை இறக்கினார்கள். கன்றை அவிழ்த்தார்கள். சித்தப்பா முன்னால் போய் ஸ்டார்ட் கம்பியைச் செருகிச் சுழற்றினார். ஒன்றும் இல்லை. மறுபடி சுழற்றினார். மூன்றாவது சுற்றில் அது இருமியது, பிறகு கத்தியது. பசு உதைத்தது. வாளிக்காரன் வைக்கோலில் விழுந்தான். தம்பி அழுதான். சித்தப்பா ஒருவர்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

என்னைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தார். கொட்டகையைச் சுற்றி ஒரு வட்டம், மண் சாலையில் கொஞ்ச தூரம். காற்று வாய்க்குள் போனது. எனக்கு மூச்சு விடத் தெரியவில்லை. சித்தப்பா பேசவே இல்லை. வீட்டில் எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவர். ஏன் இப்படி வாயை மூடிக்கொண்டார் என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

திரும்பி வந்ததும் அப்பா கேட்டார். "எப்படி?"

"மூணாம் கியர் விழலேண்ணே. பரவால்ல. ரெண்டுலேர்ந்து நாலுக்குத் தாண்டிக்கலாம்."

"கூரை?"

"நனைஞ்சுக்கிறேன்."

"ஒரு விளக்குதான் இருக்கு."

"ராத்திரி ஓட்டலே."

"சக்கரம் செருப்புக்காரன் கடைக்குப் போய் வந்திருக்கு."

"மாத்திக்கலாம்ணே."

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, பொண்ணு பாக்கையில இதுல பாதி விட்டுக்குடுத்திருந்தா, இந்நேரம் உங்களுக்கு ரெண்டு புள்ள இருக்கும்."

நானா வாய்விட்டுச் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"மாட்டுல ஒரு குறைக்கு ஒத்துக்கலாம்டா" என்றார். "நாலுக்கு ஒத்துக்கிட்டா நீ மாட்ட வாங்கலே. மாட்டுக்காரன் உன்னை வாங்கிட்டான்."

"அப்போ அந்தக் கறுப்பு வண்டிய எடுத்தா?"

"அதுல குறை இல்லையே. அஞ்சு பேர் உக்காரலாம். கூரை இருக்கு."

"அதுல ஒரே ஒரு குறைதான்ணே" என்றார் சித்தப்பா. "அது இது இல்ல."

அப்பா, "சரி. விலை கேப்போம்" என்றார்.

விலை கேட்பது என்றால் வாயால் கேட்பது இல்லை. அப்பா தன் எல்லா மாட்டையும் நானாவிடம்தான் வாங்கினார். மாட்டு வியாபாரத்தில் துண்டு போட்டுப் பேசுவார்கள். இருவரும் கைகொடுப்பதுபோல் நிற்பார்கள். கைகளின் மேல் துண்டு கிடக்கும். உள்ளே ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார். பக்கத்தில் நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது. பேசியது துண்டைத் தாண்டாது. அதைத் தாண்டவிட்டால் அப்புறம் அவனை யாரும் வியாபாரத்தில் சேர்க்க மாட்டார்கள். குடும்பத்தில் மூத்தவர்தான் பேசவேண்டும். சித்தப்பாவுக்கு அந்த விரல் கணக்கும் தெரியாது. அவர் மாட்டோடு பழகியவர் இல்லை.

நானா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். "மாடு இல்லியேப்பா இது?" என்றார்.

"கொட்டகையில நிக்குதே" என்றார் அப்பா.

"சரி லா. விரலுக்கு நூறு."

அதை மட்டும் வாயால் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது.

துண்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று எனக்கு வெகுநாளாக ஒரு ஆசை. மாடு வாங்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். இரண்டு பெரிய மனிதர்கள் முகத்தில் ஒன்றும் இல்லாமல் நிற்பார்கள். துண்டு மட்டும் எலி புகுந்த மாதிரி அசையும். அன்று யாரும் என்னைக் கவனிக்கவில்லை. நான் அப்பாவின் காலோடு ஒட்டி நின்று, துண்டுக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தேன்.

நானாவின் கை அப்பாவின் நாலு விரலைப் பிடித்திருந்தது. அப்பா தன் கையை ஆட்டினார். பிறகு நானா அதே நாலு விரலையும் நடுவில் மடக்கினார். பால் கறக்க மடியைப் பிடிக்கிற மாதிரி இருந்தது. வயதானவர், கை வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். அப்பாவின் கை அசையாமல் இருந்தது. பிறகு மெதுவாக வெளியே வந்துவிட்டது.

அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நானா அப்பாவையே பார்த்தார். துண்டை எடுத்து உதறினார்.

"என்னண்ணே?" என்றார் சித்தப்பா.

"நாலு விரல் பிடிச்சாரு. கைய எடுத்துட்டேன்."

"நாலா? நானா, நாலு நூறு என்னால ஆகாது. நான் சொல்றது—"

நானா கையைத் தூக்கி நிறுத்தினார். "துண்டு போட்டாச்சு தம்பி. இனிமே வாயால பேசுனா அசிங்கம். கேக்குறத உங்க அண்ணன்ட்ட கேளு." குரல் கோபமாக இல்லை. மாட்டுக்கு நோய் என்று சொல்லும்போது அவர் அப்படித்தான் பேசுவார்.

சித்தப்பா அப்பாவைக் கேட்கவில்லை. குனிந்து என்னைப் பார்த்தார். "நீ துண்டுக்குக் கீழதானே நின்னே? எத்தன விரலும்மா?"

அப்பாவும் என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். என்னை ஒருவர் சாட்சி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது. கையை உயரத் தூக்கி, கட்டைவிரலை மடக்கி, மற்ற நாலு விரலையும் நன்றாக நிமிர்த்திக் காட்டினேன்.

"சரி" என்றார் சித்தப்பா.

சிவப்புக் காரின் பக்கம் போனார். கதவில் கோழி எச்சம் இருந்தது. வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு கன்றை இழுத்துவந்து முன் கம்பியில் அவரே கட்டினார்.

கறுப்புக் காருக்குத் துண்டு போடவில்லை. நானா நூற்றெண்பது என்றார். சித்தப்பா எண்ணிக் கொடுத்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கவேண்டும் என்று அம்மா சொன்னாள். வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் அண்ணி என்றார்.

எல்லாரும் அந்தக் காரிலேயே வந்தோம். இடம் தாராளமாக இருந்தது. வழியில் அப்பா காரை நிறுத்தச் சொல்லி எனக்குக் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. கேட்டாலும் வாங்காதவர். ஏன் வாங்கினார் என்று யோசித்துக்கொண்டே தின்றேன்.

சிவப்புக் காரை அன்னாசித் தொழிற்சாலை முதலாளியின் மகன் கொண்டுபோனான். என்ன விலைக்கு என்று யாரும் சொல்லவில்லை. சித்தப்பா கறுப்புக் காரை ஓட்டினார். கோழிக் கூடை, கல்யாணப் பெண், பிள்ளைத்தாய்ச்சி, ஒருமுறை பிணம், எல்லாம் ஏற்றினார். மெதுவாக ஓட்டுவார். மாட்டு வண்டிக்காரர்கள் கேலி செய்வார்கள். சிங்கப்பூருக்கு ஆள் வந்தால் பாலத்தின் இந்தப் பக்கம் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். அம்மா பார்த்த பெண்ணையே கட்டினார். சின்னம்மா நல்லவள். அப்பாவும் அவரும் கடைசிவரை பக்கத்துப் பக்கத்து வீடு. சண்டை என்று ஒன்று வந்ததில்லை. அப்பா இறந்தபோது சித்தப்பாதான் எல்லாம் செய்தார். அடுத்த சில வருடத்தில் அவரும் போனார்.

என் வீட்டுக்காரர் இறந்தபிறகு நான் மாடு வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றினேன். ஒரு கிழட்டுப் பசுவை விற்கவேண்டி வந்தது. நானாவும் அப்போது இல்லை. அவர் மகன் வந்தார். பெண்கள் துண்டுக்குள் கை விடுவது வழக்கமில்லை. எனக்காகப் பேச ஆள் இல்லை. கையை விட்டேன்.

அவர் என் மூன்று விரலைப் பிடித்தார். மாட்டின் பல்லை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு மூன்றையும் நடுவில் மடக்கினார்.

"இதென்ன தம்பி?" என்றேன்.

"மடக்குனா பாதி, அக்கா. முன்ன பிடிச்சதுல பாதி. எங்க வாப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

நான் கையை எடுக்காமல் நின்றேன். விலை பிடிக்கவில்லை என்று நினைத்து அவர் ஒரு விரலை நிமிர்த்தினார். நான் விலைக்காக நிற்கவில்லை. அதற்கே மாட்டைக் கொடுத்துவிட்டேன்.

அன்று சித்தப்பாவின் மடியில் இருந்தது இருநூற்றைம்பது. நானா சிவப்புக் காருக்குக் கடைசியாகக் கேட்ட விலை, இருநூறு வெள்ளி.