பூஜ்யம் புள்ளி ஒன்பது

நான் எழுதின ஒரு சின்ன புரோகிராம் ஆறு வருஷமா இன்டர்நெட்ல கிடக்கு. தேதியைக் கொடுத்தா அன்னைக்கு என்ன திதினு சொல்லும், அவ்ளோதான். ஓப்பன் சோர்ஸ், யார் வேணும்னாலும் எடுத்து அவங்க ஆப்ல சேத்துக்கலாம். எத்தனை பேர் எடுத்தாங்கனு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் ஆசையில்ல.

அதோட வெர்ஷன் நம்பர் பூஜ்யம் புள்ளி ஒன்பதுலயே நின்னுடுச்சு. எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. ஒன்னுனு நம்பர் போட்டுட்டா, இனிமே சொல்லாம கொள்ளாம எதையும் மாத்த மாட்டேன்னு வாக்குக் கொடுத்த மாதிரி. ஒன்னுக்குக் கீழ இருந்தா எதை வேணும்னாலும் மாத்தலாம், ஏன்னு ஒருத்தரும் கேக்க முடியாது. எனக்கு அது வசதியா இருந்துச்சு. "ஆறு வயசுப் புள்ளைய இன்னும் தொட்டில்ல போட்டு ஆட்டுறியே அக்கா"னு சென்னையில இருக்கிற தம்பி கிண்டல் பண்ணுவான். அவன் கெடக்குறான்னு விட்டுட்டேன்.

அந்தத் தம்பிதான் அதை வச்சு அம்மா ஃபோன்ல ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். அம்மா கீழ்பென்னாத்தூர்ல தனியா இருக்காங்க. அப்பாவோட தெவசம் என்னைக்குனு ஆப் சொல்லிடும். நான் எது மாத்தினாலும் அதுவும் தானா மாறிக்கும். வேற எதுல தவறினாலும் தெவசத்துல மட்டும் அம்மா தவற மாட்டாங்க. "என் பொண்ணு போட்ட கணக்கு"னு தெருவுல எல்லாருக்கும் காட்டுவாங்களாம்.

வெளிநாட்டுல ஒருத்தர் கேட்டாருனு, இந்திய நேரத்தை எடுத்துட்டு உலகப் பொது நேரத்துக்கு மாத்தினேன். காலையில ஆறு மணி திதியைச் சொல்லிட்டிருந்தது, அந்த நேரத்து ஆறு மணி, அதாவது நம்ம பதினொன்றரை மணி திதியைச் சொல்ல ஆரம்பிச்சுது. நடுவுல திதி மாறினா நாளே மாறிடும், பெரிய மாத்தம்தான். ஆனா எழுத்துப்பிழை திருத்தினா ஏத்துவாங்களே, ஒன்பதுக்குப் பின்னாடி வர்ற அந்தக் கடைசி நம்பரை மட்டும் ஒன்னு ஏத்திட்டு எழுந்துட்டேன். ஒன்னுக்குக் கீழதானே, என்ன இப்போனு இருந்துச்சு.

அம்மா ஒரு நாள் முன்னாடியே படையல் போட்டுட்டாங்க. மறுநாள் மளிகைக் கடை காலண்டரைப் பாத்துட்டு எனக்கு ஃபோன் பண்ணாங்க.

"இன்னைக்குத்தான்டி திதி. நேத்து காக்காய்க்குச் சோறு வச்சேன், வந்து தின்னுச்சே. அது யாருடி?"

செங்கம் ரோட்டுல நான் வாடகைக்கு இருக்கிற ரூம்ல கட்டில்ல உக்காந்திருந்தேன். அழுகை வரல, ஒன்னுமே வரல. கை பாட்டுக்கு லேப்டாப்பைத் திறந்து பழையபடி மாத்திப் போட்டுச்சு.

"இப்ப சமைச்சுப் போடேம்மா"னேன்.

"பொழுது சாஞ்சுடுச்சு. வந்து பாத்துட்டு வெறும் வயித்தோட போயிருப்பாரு."

திட்டுவாங்கனு பாத்தேன், திட்டல.

"அடுத்த வருஷம் உன்னுத நம்பலாமாடி?"னு கேட்டாங்க. கோவமா இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. நம்பும்மானு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"காலண்டரையே பாத்துக்கம்மா"னேன்.