சங்கு மட்டும் பேசிய கேசட்

பத்தாவதோடு நின்றவள் எழுதத் துணிந்ததற்கு மன்னிக்கவும். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ரோஸி அத்தை குரல் பதிவு போட்டிருந்தார். "எல்லாரும் சொகமா? நான் இங்க நல்லா இருக்கேன்" என்று அதே ஆரம்பம். எழுபது தாண்டியவருக்கு இது எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது?

குவைத்தில் நர்ஸாக இருந்தபோது அத்தை இப்படித்தான் கேசட்டில் பேசி அனுப்புவார். பதில் பேச, எங்கள் ஆலைக் குவார்ட்டர்ஸில் டேப்ரெக்கார்டர் முன் வரிசையாக உட்காருவோம். இரைச்சல் பதியக்கூடாதென்று அம்மா ஃபேனை நிறுத்திவிடுவார். சூடேறிய பிளாஸ்டிக் வாசனை வரும். என் முறை வந்தபோது வாய் ஒட்டிக்கொண்டது. வெளியே ஷிப்ட் சங்கு ஊதியது.

"கேசட்டு ஓடிக்கினு இருக்குது, பேசுடி!" என்றார் அப்பா.

அடுத்த கேசட்டில் அத்தை, "செல்விக்குப் பதிலா சங்குதான் பேசுச்சு" என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கி, "அவ குரலே மறந்துபோச்சு" என்றார்.

இப்போதும் எல்லோரும் பேசி அனுப்ப, நான் கட்டைவிரல் படம்தான் போடுவேன். போன வாரப் பதிவின் முடிவில் அத்தை கேட்டார்: "ஏண்டி செல்வி, இன்னும் சங்குதானா? எனக்கும் வயசாவுது, ஒருவாட்டி பேசேன்."

மறுநாள் காலை பதினோரு நொடி பேசி அனுப்பினேன். அத்தை பதிலுக்குக் கட்டைவிரல் போட்டார்.